தூக்குவாளியும் பிபா நட்சத்திரமும்

ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது என் கட்சி. கூட்டம் அப்படி. மாமா எதிர்க்கட்சி. நெரிசலில் நின்று வேர்த்து விறுவிறுத்துக் கும்பிட்டால்தான் சனீஸ்வரர் அதை வரவு வைப்பார் என்று நம்புகிறவர். இந்த விஷயத்தில் வழக்கம்போல அவர் கட்சிதான் ஜெயித்தது. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று சாமி பார்த்துவிட்டு, சின்னமனூர் வந்து, மெயின் ரோட்டு டீக்கடை பெஞ்சில் விழுந்தோம். எனக்கு ஸ்ட்ராங், மாமாவுக்குச் சீனி கம்மி.

முதல் வாய் உள்ளே போனதும் மாமாவுக்குச் சந்தேகம் வந்தது.

"மாப்ள, நம்ம சூரியனுக்கு ஒரு சனி இருக்காரு, குரு இருக்காரு. ராத்திரி தெரியுற மத்த நட்சத்திரத்துக்கெல்லாம்?"

"அதுகளுக்கும் உண்டு மாமா. இதுவரைக்கும் ஆறாயிரத்துக்கு மேல கண்டுபிடிச்சிருக்காங்க."

"யாரு பாத்தா?"

"முக்காவாசியை யாரும் பாக்கல."

கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "பாக்காமலே இருக்குன்னு சொல்றதுக்குத்தான் நாங்க கோயிலுக்குப் போறோம். நீங்க எதுக்குடா டெலஸ்கோப் வாங்குறீங்க?"

நியாயமான கேள்வி. இரண்டாவது டீ சொல்லிவிட்டுத்தான் பதிலை ஆரம்பிக்க முடிந்தது. அன்று பெஞ்சில் சொன்னதையும், வீட்டுக்கு வந்து சரிபார்த்துத் திருத்திக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பேச்சு சனியில் தொடங்கியதால் அங்கிருந்தே போவோம். சனி சூரியனை ஒரு முறை சுற்றி வர சுமார் 29½ ஆண்டு. வட்டத்தைப் பன்னிரண்டு ராசியாகப் பிரித்தால் ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு, மூன்று ராசிக்கு ஏழரை. ஏழரைச் சனியின் பலன்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இருக்கிறது, மாமா படிப்பார் என்பதால் இங்கே வேண்டாம். ஆனால் அந்த 'ஏழரை' சுத்தமான வானியல் அளவு. சனி தன் பாதையில் கால்வாசி நடக்க எடுத்துக்கொள்ளும் காலம் அது. தொலைநோக்கி இல்லாமல், வெறும் கண்ணால், தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் கணக்கு வைத்தவர்களின் வேலை.

இப்போது இன்னொரு கோளைச் சொல்கிறேன். எடையில் நம் சனியைப் போல ஐந்து சனியை உருட்டி ஒன்றாக்கினால் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு. அது தன் நட்சத்திரத்தைச் சுற்றி வர ஆகும் காலம் 2 நாள், 3 மணி, 18 நிமிடம். சின்னமனூரில் திங்கட்கிழமை காலை டீ குடிக்கும்போது கிளம்பினால் புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு வருஷம் முடிந்துவிடும். அங்கே ஏழரை பிடித்தால் பதின்மூன்று மணி நேரத்தில் விட்டுவிடும் என்றதும் மாமா முகத்தில் ஒரு வெளிச்சம். அவருக்கு 68 வயது. அந்த ஊர்க் கணக்கில் 11,600-ஐத் தாண்டிவிட்டார்.

அந்தக் கோளுக்குப் பெயர் சந்தமசா. அது சுற்றும் நட்சத்திரத்துக்குப் பெயர் பிபா. இரண்டும் இந்தியா வைத்த பெயர்கள். சர்வதேச வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டையொட்டி 2019-இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதைச் சுற்றும் ஒரு கோளையும் ஒதுக்கி, பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. நூறு நாடுகளுக்கு மேல் சேர்ந்துகொண்டன. இலங்கை தன் நட்சத்திரத்துக்கு அமைதி என்றும் கோளுக்கு ஒற்றுமை என்றும் பொருள்படும் சிங்களப் பெயர்களை வைத்தது. மலேசியா வைரம் ஒன்று, ரத்தினம் ஒன்று என்று நகைப்பெட்டியைத் திறந்தது. இங்கே இந்திய வானியல் சங்கம் பொதுமக்களிடம் பெயர் கேட்டு வாக்கெடுப்பும் நடத்தியது. எனக்கு அப்போது விஷயமே தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு தமிழ்ப் பெயருக்குச் சண்டை போட்டிருப்பேன். ஆனால் ஜெயித்த பெயரைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

அதற்கு முன்னால் அந்த நட்சத்திரத்துக்கு எச்.டி. 86081 என்ற எண் மட்டும்தான் இருந்தது. எச்.டி. என்பது ஹென்றி டிரேப்பர் பட்டியல். இரண்டேகால் லட்சம் நட்சத்திரங்களை அவற்றின் ஒளியை வைத்து இனம் பிரித்த அந்தப் பட்டியலில் பெரும்பகுதி வேலை ஆனி ஜம்ப் கேனன் என்ற பெண்ணுடையது. பட்டியலுக்குப் பெயர் மட்டும் டிரேப்பர்.

பிபா மங்கலான நட்சத்திரம். நல்ல இருட்டில் நல்ல கண்ணுக்குத் தெரியக்கூடிய கடைசி நட்சத்திரம் எதுவோ, அதைவிடவும் பன்னிரண்டு மடங்கு மங்கல். ஆனால் மங்கல் என்பதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினத்து விளக்குகள் பக்கத்தில் நின்றால் கண்ணைப் பறிக்கும். அதையே போடி மலையிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளி. கையிலிருக்கும் அகல்விளக்கும் ஒரு புள்ளிதான். முதலாவது தூரத்தால் மங்கல், இரண்டாவது பிறவியிலேயே மங்கல். பிபா முதல் வகை. உண்மையில் அது நம் சூரியனைவிடக் கனமானது, பிரகாசமும் கூட. தூரம் சுமார் 340 ஒளியாண்டு. இன்று நம் கண்ணுக்கு வந்து சேரும் அதன் வெளிச்சம், மதுரையில் ராணி மங்கம்மாள் ஆட்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் அங்கிருந்து புறப்பட்டது.

இனி மாமாவின் கேள்வி. கோளைப் பார்க்கவே முடியாதா? இந்தக் கோளை முடியாது. அது தன் நட்சத்திரத்திலிருந்து சுமார் 50 லட்சம் கிலோமீட்டரில் சுற்றுகிறது. நம் புதனே சூரியனிலிருந்து ஐந்தே முக்கால் கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் இது எவ்வளவு ஒட்டி உரசிக்கொண்டு ஓடுகிறது என்று புரியும். அந்த இடைவெளியை இங்கிருந்து அளந்தால், தேனியில் நின்றுகொண்டு சென்னையில் கிடக்கும் ஒரு ரவையின் அகலத்தைப் பார்ப்பது போல. அதுவும் ரவைக்கு ஒரு ஓரத்தில் பெட்ரோமாக்ஸ், மறு ஓரத்தில் மின்மினி. மின்மினியை யார் பார்ப்பது?

அப்படியானால் எப்படி என்று சொல்ல வாய் திறந்தபோது, பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு தம்பி டீ வாங்க வந்தார். தூக்குவாளியில் எட்டு டீ வாங்கிக்கொண்டு, மூடியை அழுத்தி, ரோட்டைக் கடக்க நின்றவர் சும்மா நிற்கவில்லை. வாளியை ராட்டினம் மாதிரி தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினார், பிறகு இன்னொன்று. ஒரு சொட்டு சிந்தவில்லை. மாஸ்டர் கெட்ட வார்த்தையில் பாராட்டினார்.

"மாமா, வாளியப் பாக்காதீங்க. அவரு இடுப்பை மட்டும் பாருங்க."

வாளி முன்னால் பாயும்போது இடுப்பு பின்னால் போகிறது. வாளி பின்னால் வரும்போது நெஞ்சு முன்னால் வருகிறது. வாளி போடுவது பெரிய வட்டம். உடம்பு போடுவது அதற்கு நேர் எதிராக ஒரு சின்ன ஆட்டம். ஆளும் ஆடாமல் வாளியும் சுற்ற வேண்டுமென்றால் அவர் தரையில் நட்ட கம்பமாக இருக்க வேண்டும். மனிதர் கம்பம் இல்லை. நட்சத்திரமும் இல்லை.

ராத்திரி கரண்ட் போன சமயத்தில் இதையே அவர் செய்தால்? கறுத்த வாளி தெரியாது. வெள்ளைச் சட்டை மட்டும் முன்னும் பின்னும் ஆடுவது தெரியும். ஆள் எதையோ சுற்றுகிறார் என்று சொல்லிவிடலாம். ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று எண்ணினால் வாளி ஒரு சுற்றுப் போகும் நேரம் கிடைத்துவிடும். ஆட்டம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அளந்தால் வாளியில் நாலு டீயா எட்டு டீயா என்பதுகூடப் பிடிபடும். வாளியை ஒருமுறைகூடப் பார்க்காமல்.

கோள் நட்சத்திரத்தைச் சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கிவிட்டோம். அதில் பாதிதான் சரி. கோளும் நட்சத்திரமும் சேர்ந்து ஒரு பொதுப் புள்ளியைச் சுற்றுகின்றன. நட்சத்திரம் கனமானது என்பதால் அதன் வட்டம் சின்னது. பிபா தன் கோளைவிடச் சுமார் 840 மடங்கு கனம். நம் பள்ளத்தாக்குக் கணக்கில் சொன்னால், பத்து டன் வாழைத்தார் ஏற்றிய லாரி சரக்குக்கும் பன்னிரண்டு கிலோ நாட்டுத் தார் ஒன்றுக்கும் உள்ள விகிதம். அந்த ஒற்றைத் தார் அத்தனை சரக்கையும் ஆட்டுகிறது. பதினேழு லட்சம் கிலோமீட்டர் விட்டமுள்ள நட்சத்திரம், ஏறக்குறைய நம் பூமி அளவே உள்ள ஒரு வட்டத்தில் நகர்ந்து நகர்ந்து திரும்புகிறது.

"அவ்வளவு தூரத்துல இருக்கிற புள்ளி, இத்துனூண்டு ஆடுறது எப்படித் தெரியும்?" மாமா விடவில்லை. மாமா இந்த ஊரில் பிறந்ததால் வாழைத்தோட்டம் வைத்தார். வேறு எங்காவது பிறந்திருந்தால் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பும் வேலை பார்த்திருப்பார்.

புள்ளி நகர்வதைப் பார்க்கவில்லை. அதன் ஒளி மாறுவதைப் பார்த்தார்கள். இதற்கு உதாரணம் ரோட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. குமுளி பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வந்தது. வரும்போது ஹாரன் கீச்சென்று இருக்கும், நம்மைத் தாண்டிய நொடியில் குரல் இறங்கிவிடும். அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கே ரி-யிலிருந்து ச-வுக்கு வந்த மாதிரி இறக்கம் காதில் விழும். வருகிற பஸ்ஸின் ஒலி அலைகள் நெருங்கி நெருங்கி வருகின்றன. போகிற பஸ்ஸின் அலைகள் இழுபட்டு வருகின்றன. ஒளிக்கும் இதே கதைதான். நம்மை நோக்கி வரும் நட்சத்திரத்தின் ஒளி ஒரு மயிரிழை நீலத்தின் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்பின் பக்கம்.

ஒரு மயிரிழை என்பது பேச்சுக்கு. பிபா ஆடும் வேகம் வினாடிக்குச் சுமார் 208 மீட்டர், அதாவது மணிக்கு 750 கிலோமீட்டர். விமான வேகம். ஆனால் ஒளியின் வேகத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. தேனியிலிருந்து கம்பம் 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தூரம் ஒரு அங்குலம் கூடுவதும் குறைவதும் எவ்வளவோ, ஒளியில் ஏற்படும் மாற்றம் அவ்வளவு. அந்த அங்குலத்தை அளக்க வேண்டும்.

அளக்கக் கோடுகள் வேண்டும். நட்சத்திர ஒளியை வானவில்லாகப் பிரித்தால் நடுநடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். நட்சத்திரத்தின் மேலடுக்கில் உள்ள இரும்பு, சோடியம், கால்சியம் போன்றவை தங்களுக்குரிய நிறங்களை விழுங்கிவிட்டதன் தழும்பு. நட்சத்திரம் ஆடினால் கோடுகள் ஆடும். கோடு நகர்ந்ததா, கருவியே சூட்டில் விரிந்து நம்மை ஏமாற்றியதா என்று பார்க்க ஒரு அடிக்கோல் வேண்டுமல்லவா? அதற்கு அவர்கள் செய்த யுக்தி எனக்கு மிகவும் பிடித்தது. நட்சத்திர ஒளியைக் கருவிக்குள் விடும் முன், அயோடின் ஆவி அடைத்த ஒரு கண்ணாடிக் குப்பி வழியாகச் செலுத்தினார்கள். முழங்கால் சிராய்ப்புக்குத் தடவும் டிஞ்சரில் இருக்கிற அதே அயோடின். அது ஆயிரக்கணக்கான நுண்ணிய கோடுகளை அதே ஒளியின் மேல் பதித்துவிடும். அயோடின் குப்பி அசையாமல் இங்கேயே இருக்கிறது. எனவே அதன் கோடுகள் அளவுகோல். நட்சத்திரத்தின் கோடுகள் அதன்மேல் வழுக்குவது துல்லியமாகத் தெரியும். ஹவாய்த் தீவின் மலையுச்சியில் பத்து மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட கெக் தொலைநோக்கியில் இப்படி அளந்துதான் 2006-இல் இந்தக் கோளை அறிவித்தார்கள்.

ஹவாய் என்றதும் மாமா லேசாகக் கொட்டாவி விட்டார். அதனால் வடக்கே கை காட்டினேன். பெரியகுளத்துக்கு மேலே தெரியும் மலையில் இதே வித்தை நூறு வருஷத்துக்கு முன்பே நடந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. மோட்டார் ரோடு வராத காலம். பெரியகுளத்துப் பக்கம் அடிவாரத்திலிருந்து மட்டக்குதிரையிலும் டோலியிலும் ஆட்கள் ஏறிய காலம். அங்கே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளி ஒன்றின் ஒளியைக் கோடு கோடாகப் பிரித்துப் பார்த்தார். புள்ளியின் ஒரு ஓரத்தில் கோடுகள் ஒரு பக்கம் நகர்ந்திருந்தன, மறு ஓரத்தில் எதிர்ப்பக்கம். புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. இன்றும் உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் அது எவர்ஷெட் விளைவு. கொடைக்கானல் போகிறவர்கள் சாக்லெட் வாங்கும் நேரத்தில் பாதியை அந்த ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம்.

எவர்ஷெட்டுக்கு ஒளி தட்டுப்பாடில்லை, சூரியனே எதிரில் இருந்தது. ஓட்டத்தின் வேகமும் வினாடிக்குக் கிலோமீட்டர் கணக்கில். மங்கலான நட்சத்திரத்தில், அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த வேகத்தைப் பிடிக்க இன்னும் எண்பது ஆண்டுக்கு மேல் ஆனது. 1995-இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் சூரியன் போன்ற ஒரு நட்சத்திரத்தின் ஆட்டத்தை அளந்து, அதை நாலு நாளில் சுற்றும் பெரிய கோளைக் கண்டார்கள். ஆரம்பத்தில் நம்பாதவர்கள் அதிகம். வியாழன் மாதிரி ராட்சதக் கோள் நட்சத்திரத்தை ஒட்டி நாலு நாளில் ஓடுவதாவது என்று. 2019-இல் அவர்களுக்கு நோபல். ஸ்டாக்ஹோமில் அந்தப் பரிசை வழங்கியது டிசம்பர் 10. இந்திய நட்சத்திரத்தின் பெயரை அறிவித்தது ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 17.

இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு, மறைக்கக் கூடாது. ஒளியின் நிறம் மாறுவதை வைத்து, நம்மை நோக்கி வருவதையும் விலகுவதையும்தான் அளக்க முடியும். பக்கவாட்டு ஆட்டம் இதில் சிக்காது. தூக்குவாளி வட்டம் நம் மூக்கை நோக்கி வந்து வந்து போனால் முழு ஆட்டமும் தெரியும். வட்டம் சரிந்து நம் எதிரே தட்டு மாதிரி விரிந்திருந்தால் ஆட்டத்தில் ஒரு பங்குதான் தெரியும். மீதி நமக்கு வராது. பிபாவின் வட்டம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதை ஆட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் சந்தமசாவின் எடையைச் சொல்லும்போது 'குறைந்தது' என்று சேர்த்தேன். வியாழனைப் போல் ஒன்றரை மடங்கு, குறைந்தது. கோள் நட்சத்திரத்தின் முகத்தைக் குறுக்கே கடந்தால் வெளிச்சம் ஒரு துளி குறையும், அப்போது சரிவும் தெரிந்துவிடும். அதையும் காத்திருந்து பார்த்தார்கள். குறையவில்லை. கோள் நம் பார்வைக் கோட்டில் குறுக்கே வருவதில்லை.

"சரி, அங்க போய் என்ன விளையும்?"

ஒன்றும் விளையாது. தரையே இல்லாத வாயுக் கோளம். அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் சூடு ஆயிரம் டிகிரியை எளிதாகத் தாண்டும். அலுமினியச் சட்டியைக் கொண்டுபோனால் சாம்பாருக்கு முன்னால் சட்டி உருகும். இப்படிப்பட்ட ராட்சதர்கள் அங்கேயே பிறந்திருக்க வழியில்லை, தூரத்துக் குளிரில் உருவாகிப் பிறகு உள்ளே நகர்ந்து வந்தவர்கள் என்பதுதான் பெரும்பாலானோர் கருத்து. எப்படி நகர்ந்தார்கள் என்பதில் இன்னும் வழக்கு முடியவில்லை.

பிறவியிலேயே மங்கலான இரண்டாம் வகை நட்சத்திரங்களில் சிக்கல் இன்னும் கூடுதல். 2025 ஜூனில் டி.ஓ.ஐ. 6894 என்ற சிவப்புக் குள்ளனைப் பற்றிச் செய்தி வந்தது. எடை சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு. அதைச் சுற்றுவதோ சனியைவிடச் சற்றே அகலமான கோள். கோள்கள் உருவாவது நட்சத்திரம் பிறந்தபோது மிஞ்சிய தூசியிலும் வாயுவிலும். சின்ன நட்சத்திரத்துக்கு மிஞ்சுவதும் கொஞ்சம்தான். ஒரு ஆழாக்கு அரிசியில் ஊர்ச்சோறு பொங்கிய மாதிரி இருக்கிறது இது. கணக்குப் போட்டவர்கள் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பிபாவுக்கு வருகிறேன். பெயருக்கு வங்காளியில் ஒளிக்கற்றை என்று பொருள். வங்காளியில் 'வ' கிடையாது, நம் வாயில் அது விபா. கோளின் பெயருக்கு மேகம் மூடியது என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். வடமொழியில் சந்தமசம் என்றால் எங்கும் கவிந்த இருட்டு. வெளிச்சத்தைச் சுற்றும் இருட்டு. பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிபா வெறும் சொல் இல்லை, ஒரு ஆள். பிபா சௌத்ரி, 1913-இல் கல்கத்தாவில் பிறந்த இயற்பியலாளர்.

அவர் செய்த வேலையும் பார்க்க முடியாததைப் பின்தொடர்வதுதான். வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களைப் பிடிக்க, டி.எம். போஸுடன் சேர்ந்து டார்ஜிலிங் மலைகளின் உயரத்தில் போட்டோத் தகடுகளை மாதக்கணக்கில் வைத்தார். துகள் தகட்டைத் துளைத்துப் போன வழியில் ஒரு புள்ளிக்கோடு மிஞ்சும். துகளை யாரும் பார்த்ததில்லை, தடத்தைத்தான் பார்த்தார்கள். தடத்தின் நெளிவை வைத்து, எலெக்ட்ரானைப் போல் சுமார் இருநூறு மடங்கு எடையுள்ள ஒன்று போயிருக்கிறது என்று கணக்கிட்டு, 1940-களின் தொடக்கத்தில் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதற்குள் உலகப்போர். முடிவை உறுதி செய்யத் தேவையான உயர்ந்த ரகத் தகடுகள் இந்தியாவில் கிடைக்கவில்லை. போர் முடிந்து, நல்ல தகடுகளோடு, அதே வழியில் போன செசில் பவல் பை-மெசான் என்ற துகளைக் கண்டு 1950-இல் நோபல் வாங்கினார். பிபா மான்செஸ்டரில் பிளாக்கெட்டிடம் ஆய்வுப்பட்டம் முடித்துத் திரும்பியதும், 1949-இல் ஹோமி பாபா அவரை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்த்தார். அங்கே சேர்ந்த முதல் பெண் ஆராய்ச்சியாளர் அவர்தான். பிறகு அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தார், கோலார் தங்கச் சுரங்க ஆய்வுகளோடும் தொடர்பு இருந்தது. 1991-இல் இறந்தபோது அவர் யாரென்று தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். தகடு கிடைக்காததால் நோபல் போனது என்று ஒரே வரியில் சொல்வது எனக்குச் சம்மதமில்லை, அறிவியலில் அப்படி நேர்க்கோடு கிடையாது. ஆனால் சொந்த நாட்டின் பெரிய அறிவியல் பேரவைகள்கூட அவரை உறுப்பினராக்கவில்லையே, அதற்கும் தகட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கோலார் என்றதும் மாமா நிமிர்ந்தார். "அந்த நியூட்ரினோ சமாச்சாரமா?" எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பொட்டிபுரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்ததும், ஊரெல்லாம் எதிர்த்ததும், அனுமதிக்க முடியாது என்று 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னதும் இங்கே டீக்கடை வரலாறு. வளிமண்டலத்தில் காஸ்மிக் கதிர் மோதிப் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை 1965-இல் கோலாரில் பூமிக்கடியில் பிடித்தார்கள். அந்தப் பரம்பரையின் அடுத்த வீடாகத்தான் பொட்டிபுரத்தை நினைத்தார்கள். அதில் யார் பக்கம் நியாயம் என்று மாமாவும் நானும் பேசத் தொடங்கினால் மூன்றாவது டீயும் ஆறிப்போகும். அது வேறு பத்தி.

அகமதாபாத் ஆய்வகத்தைப் பற்றி ஒன்று சொல்லி ஆக வேண்டும். ராஜஸ்தானின் அபு மலையில் அவர்களுக்கு 1.2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதில் பொருத்திய பாரஸ் என்ற கருவியைக் கொண்டு, 2018-இல், சுமார் 600 ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை உறுதி செய்தார்கள். பூமியைப் போல் 27 மடங்கு எடை, 19½ நாளில் ஒரு சுற்று. நட்சத்திரத்தின் ஆட்டத்தை அளக்கும் அதே முறை. பிபா சௌத்ரி வேலை பார்த்த அதே நிறுவனம்.

டீக்குக் காசு மாமா கொடுத்தார். எழும்போது, "அந்தப் புள்ளிய நான் பாக்க முடியுமா?" என்றார்.

முடியும். அதற்கு ஆடி சரிப்படாது. பங்குனி அமாவாசையை ஒட்டி ஒரு நாள் பாருங்கள். மாசி மகத்தன்று நிலவு பக்கத்தில் நிற்குமே, அந்த மக நட்சத்திரம் இரவு ஒன்பதரை வாக்கில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்திருக்கும். அங்கிருந்து தெற்கே இறங்கினால் ஆளில்லாத ஒரு இருட்டுப் பரப்பு. அதைத் தாண்டித் தென்மேற்கில் தனியாக, சற்றே செம்மையாக ஒரு நட்சத்திரம் இருக்கும், அல்ஃபார்ட் என்று பெயர். மகத்துக்கும் அதற்கும் இடையில், அல்ஃபார்டுக்குக் கிட்டத்தில்தான் பிபா. செல்போனில் ஒரு வான வரைபடம் போட்டு 86081 என்று தேடி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஐம்பது பைனாகுலர் போதும், கை ஆடாமல் எதன்மேலாவது ஊன்றிக்கொள்ள வேண்டும். மேகமலைக்குப் போக வேண்டியதில்லை, ராத்திரியில் செக்போஸ்ட்டைத் தாண்ட விடவும் மாட்டார்கள். ஊர் விளக்கு எட்டாத தோட்டத்து மோட்டார் ரூம் மொட்டைமாடி போதும். ஏறியதும் செல்போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, கண் பழக இருபது நிமிஷம் சும்மா உட்காருங்கள்.